பல்கலைக்கழகக் கட்டமைப்புக்குள் ஓர் ஆயத்த மின்னஞ்சல் சர்வரைப் பொருத்துதல்: முழுமையான வழிகாட்டி

மெயில்கவ், ஐரெட்மெயில், ஜிம்ப்ரா, மெயில்-இன்-எ-பாக்ஸ் போன்ற ஆயத்த மின்னஞ்சல் தொகுப்புகளை வெறுமையான ஒரு சர்வரில் நிறுவி, நிர்வாகப் பக்கத்தில் ஒரு டொமைனைச் சேர்த்து, அன்றைக்கே அஞ்சல் அனுப்பத் தொடங்கிவிடலாம். அஞ்சலை வாங்கி அனுப்பும் மென்பொருள், ஸ்பாம் வடிகட்டி, வைரஸ் சோதனை, வெப்மெயில், அஞ்சல் இந்த டொமைனிலிருந்துதான் வந்தது என்று உறுதிசெய்யும் டிகேஐஎம் கையொப்பம், சான்றிதழ் புதுப்பித்தல் எல்லாம் ஒன்றோடொன்று இணைக்கப்பட்ட நிலையிலேயே கைக்கு வந்துவிடுகின்றன. பல்கலைக்கழகத்தில் நிலைமை வேறு. அங்கே டொமைன் பெயர்ப் பதிவுகளை வைத்திருக்கும் டிஎன்எஸ்ஸை நெட்வொர்க் குழு கவனிக்கிறது. பயனர் கணக்குகள் ஆக்டிவ் டைரக்டரி, ஓப்பன்எல்டாப் போன்ற ஒரு மையக் கணக்கேட்டில் (டைரக்டரியில்) இருக்கின்றன. வெளியிலிருந்து வரும் அஞ்சலை ஒரு கேட்வே ஏற்கெனவே வடிகட்டுகிறது. சான்றிதழுக்கும் பேக்கப்புக்கும் தனித்தனி நடைமுறைகள் உள்ளன. தொகுப்போ இவையனைத்தும் தன் வசமே இருப்பதாகக் கருதிக்கொண்டு இயங்குகிறது. ஆகவே இந்தப் பணியில் நிறுவல் என்பது மிகச் சிறிய பகுதிதான். ஒவ்வொரு பொறுப்பும் தொகுப்பிடம் போக வேண்டுமா, இப்போது இருக்கும் இடத்திலேயே தொடர வேண்டுமா என்று முன்கூட்டியே தீர்மானித்து, ஒரே பொறுப்பை இருவர் வைத்திருக்கும் நிலை எங்கும் வராமல் பார்த்துக்கொள்வதில்தான் உழைப்பு முழுவதும் செலவாகும்.

படி 1: பல்கலைக்கழகத்தின் பெயரில் அஞ்சல் அனுப்புவோரைக் கண்டறிதல்

பல்கலைக்கழகத்தின் டொமைனைப் பயன்படுத்தி அஞ்சல் அனுப்பும் இயந்திரங்களின் முழுமையான பட்டியல் பெரும்பாலும் யாரிடமும் இருப்பதில்லை. மூடுல் போன்ற கற்றல் மென்பொருள், நூலகத்தின் நினைவூட்டல்கள், சேர்க்கை விண்ணப்பத் தளம், தேர்வு முடிவு அறிவிப்புகள், ஸ்கேன் செய்து அனுப்பும் அச்சு இயந்திரங்கள், ஏதோ ஓர் ஆய்வகத்தில் பல ஆண்டுகளாக ஓடிக்கொண்டிருக்கும் லினக்ஸ் கணினி ஆகிய ஒவ்வொன்றும் தனக்கென ஒரு வழியில் அஞ்சலை வெளியேற்றிக்கொண்டிருக்கும்.

இவற்றைக் கண்டறிய இரண்டு வழிகள் உண்டு. முதலாவது, இப்போதைய சர்வரின் லாகுகளை ஒரு முழுப் பருவத்துக்காவது அலசுவது. தேர்வு முடிவுகளும் சேர்க்கை அறிவிப்புகளும் ஆண்டின் குறிப்பிட்ட வாரங்களில் மட்டுமே கிளம்புவதால், ஒரு மாத லாக் போதாது. இரண்டாவது, எதையும் தடுக்காத ‘நன்’ (none) கொள்கையுடன், டொமைனின் பெயரில் வரும் போலி அஞ்சலை என்ன செய்வது என்று பெறுபவர்களுக்குச் சொல்லும் டிமார்க் பதிவை இப்போதே டிஎன்எஸ்ஸில் வெளியிட்டு, அறிக்கைகள் வந்து சேர ஓர் அஞ்சல்பெட்டியைக் குறிப்பிட்டுவிடுவது. உங்கள் பெயரில் எந்தெந்த ஐபி முகவரியிலிருந்து எவ்வளவு அஞ்சல் வந்தது என்று ஜிமெயில் போன்ற பெரிய சேவைகள் அனுப்பும் அறிக்கைகளில், வளாகத்துக்கு வெளியே ஏதோ ஒரு துறை வாடகைக்கு எடுத்திருக்கும் செய்திமடல் சேவைகூடத் தென்பட்டுவிடும். சர்வர் வாங்குவதற்கு முன்பே செய்யக்கூடிய இந்த வேலையைத் தள்ளிப்போடாதீர்கள்.

படி 2: இணைப்பு வசதிகளைப் பார்த்துத் தொகுப்பைத் தேர்ந்தெடுத்தல்

வெப்மெயிலின் அழகையும் நாட்காட்டியின் வசதியையும் பார்த்துத் தொகுப்பைத் தேர்ந்தெடுக்கும் வழக்கம் இருக்கிறது. பல்கலைக்கழகத்தைப் பொறுத்தவரை முதலில் கேட்க வேண்டியவை வேறு. வெளியே இருக்கும் டைரக்டரியில் கடவுச்சொல்லைச் சரிபார்க்குமா? வேறொரு ரிலே (அஞ்சலை வாங்கிக் கடத்தும் சர்வர்) வழியாக அஞ்சலை அனுப்புமா? தனக்கென டிஎன்எஸ் சர்வரை வலியுறுத்தாமல் இருக்குமா? வெளியிலிருந்து தரும் சான்றிதழை ஏற்குமா? நாம் செய்யும் மாற்றங்கள் அடுத்த மேம்படுத்தலுக்குப் பின்னும் நிலைக்குமா?

இந்தக் கேள்விகளின்படி பார்த்தால், மெயில்-இன்-எ-பாக்ஸ் ஒரு தனிநபருக்கோ சிறு குழுவுக்கோ மிக நல்ல தொகுப்பு. ஆனால் டிஎன்எஸ் உட்பட எல்லாவற்றையும் தானே நடத்துவதற்காக உருவாக்கப்பட்டது என்பதாலும், நிர்வாகி விருப்பப்படி மாற்றியமைப்பதைத் திட்டமிட்டே தவிர்ப்பதாலும், இங்கே பொருந்தாது. ஐரெட்மெயில் எல்டாப் (டைரக்டரியோடு பேசும் நெறிமுறை) பின்தளத்தோடு வருகிறது; ஆக்டிவ் டைரக்டரியோடு இணைக்கும் முறையும் அதன் ஆவணங்களில் விளக்கப்பட்டிருக்கிறது. டாக்கர் கன்டெய்னர்களாக (ஒவ்வொரு மென்பொருளும் தனித்தனியாக அடைக்கப்பட்ட பொதிகளாக) இயங்கும் மெயில்கவ்வில், 2025-இல் வந்த பதிப்புகளிலிருந்து எல்டாப், கீக்ளோக், ஓஐடிசி ஆகிய வெளி அடையாள அமைப்புகளை இணைக்கும் வசதி உண்டு. ஜிம்ப்ரா தனக்கென ஓர் எல்டாப்பை உள்ளே வைத்துக்கொண்டாலும் கடவுச்சொல் சரிபார்ப்பை வெளி டைரக்டரிக்கு விட்டுவிடும்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் ஒரு கட்டுப்பாட்டைக் குழு முழுவதும் ஏற்றுக்கொள்ள வேண்டும்: தொகுப்பு மாற்றங்களுக்கென்று ஒதுக்கித் தந்திருக்கும் கோப்புகளில் மட்டுமே கைவைக்க வேண்டும். எடுத்துக்காட்டாக, மெயில்கவ்வில் அஞ்சலை வாங்கி அனுப்பும் போஸ்ட்ஃபிக்ஸின் அமைப்புகளுக்கு ‘எக்ஸ்ட்ரா’ என்றொரு கோப்பும், கன்டெய்னர் அமைப்புகளுக்கு ‘ஓவர்ரைடு’ கோப்பும் இருக்கின்றன. உட்கோப்புகளை நேரடியாகத் திருத்தத் தொடங்கினால், ஓராண்டுக்குப் பிறகு பாதுகாப்புத் திருத்தத்தை நிறுவவே தயங்கும் நிலை வந்துவிடும். ஆயத்தத் தொகுப்பை எடுத்ததன் பயனே அதோடு போய்விடும்.

படி 3: இயந்திரமும் நெட்வொர்க்கும்

சர்வருக்கு நிலையான பொது ஐபி முகவரி தேவை. வளாகத்தின் மற்றக் கணினிகள் இணையத்துக்குச் செல்லப் பொதுவாகப் பயன்படுத்தும் நேட் முகவரியை அஞ்சலுக்குப் பயன்படுத்தவே கூடாது. வைரஸ் தொற்றிய ஒரு மடிக்கணினி போதும், அந்த முகவரி தடைப்பட்டியலில் ஏறிவிடும், பல்கலைக்கழகத்தின் மொத்த அஞ்சலும் அதோடு திருப்பி அனுப்பப்படும். சர்வர்களுக்கிடையே அஞ்சல் கடத்தும், வெளியே செல்லும் 25-ஆம் போர்ட்டை அஞ்சல் சர்வருக்கும் கேட்வேக்கும் மட்டும் திறந்து, வளாகத்தின் மற்றெல்லா இயந்திரங்களுக்கும் ஃபயர்வாலில் மூடிவிடுவது நல்லது. பயனர்களுக்கு அஞ்சலைப் படிக்க 993, அனுப்ப 465, 587, வெப்மெயிலுக்கு 443 ஆகிய போர்ட்கள் போதும்.

கன்டெய்னர் தொகுப்பை எடுப்பவர்கள் ஒன்றை நிறுவலுக்கு முன்பே சரிபார்க்க வேண்டும். டாக்கர் தன் உள் நெட்வொர்க்குக்கு இயல்பாக 172.17.0.0/16 வரம்பை எடுத்துக்கொள்கிறது, மெயில்கவ் 172.22.1.0/24-ஐ எடுத்துக்கொள்கிறது. பல வளாகங்களில் 172.16.0.0/12 வரம்பிலிருந்துதான் கட்டடங்களுக்கும் வைஃபைக்கும் முகவரிகள் பிரித்துத் தரப்பட்டிருக்கும். இரண்டும் மோதினால், ஒரே ஒரு கட்டடத்திலிருப்பவர்களுக்கு மட்டும் அஞ்சல் திறக்காது. மற்ற எல்லோருக்கும் வேலை செய்யும். சர்வருக்கு வந்த பாக்கெட்டுக்கான பதில் கட்டடத்துக்குத் திரும்பாமல் கன்டெய்னர் நெட்வொர்க்குக்குள்ளேயே போய் மறைந்துவிடுவதால், லாகிலும் தெளிவான தடயம் இருக்காது. நெட்வொர்க் குழுவிடம் பயன்படுத்தாத ஒரு வரம்பைக் கேட்டுவாங்கி, நிறுவும்போதே அமைப்புக் கோப்பில் எழுதிவிடுங்கள்.

அஞ்சல்பெட்டிகளுக்குச் சர்வரோடு நேரடியாக இணைந்த பிளாக் சேமிப்பகமே ஏற்றது. ஒவ்வோர் அஞ்சலும் தனிக் கோப்பாக வைக்கப்படும் மெயில்டிர் முறையில் கோப்புகளின் எண்ணிக்கை கோடிகளைத் தொடும் என்பதால், இடத்தோடு ஐநோடுகளையும் (ஒவ்வொரு கோப்புக்கும் வட்டில் தேவைப்படும் பதிவுகளையும்) கணக்கிட வேண்டும்.

படி 4: பயனர் அடையாளம்

மிக அதிகமான கவனத்தைக் கேட்கும் கட்டம் இது. கடவுச்சொல்லின் உரிமையாளர் டைரக்டரி மட்டுமே. அஞ்சல் சர்வரில் கடவுச்சொல்லின் நகல் எதுவும் இருக்கக் கூடாது. சர்வருக்கென்று, படிக்கும் உரிமை மட்டுமே கொண்ட ஒரு டைரக்டரி கணக்கை உருவாக்கி, 636-ஆம் போர்ட்டில் குறியாக்கத்தோடு இணையுங்கள். டைரக்டரியின் சான்றிதழைப் பல்கலைக்கழகத்தின் உள் சான்றிதழ் மையம் வழங்கியிருந்தால், அந்த மையத்தின் மூலச் சான்றிதழைக் கன்டெய்னருக்குள்ளும் சேர்க்க வேண்டும். சான்றிதழ்ச் சரிபார்ப்பையே அணைத்துவிடும் குறுக்குவழிக்குப் போக வேண்டாம்.

அடுத்து, டைரக்டரியிலிருந்து கணக்குகளைக் கொண்டுவரும் ஒத்திசைவு. ஆக்டிவ் டைரக்டரி ஒரு தேடலுக்கு இயல்பாக 1000 பதிவுகளுக்கு மேல் தராது. ஓப்பன்எல்டாப்பின் இயல்பான வரம்பு 500. பக்கம் பக்கமாகக் கேட்கும்படி எழுதப்படாத ஒத்திசைவு நிரல், 18,000 மாணவர்கள் இருக்கும் ஆக்டிவ் டைரக்டரியிலிருந்து சரியாக 1000 பேரை மட்டும் எடுத்துக்கொண்டு, மீதி 17,000 பேரும் பல்கலைக்கழகத்தை விட்டுப் போய்விட்டதாக முடிவு செய்யும். டைரக்டரியில் இல்லாதவர்களின் அஞ்சல்பெட்டியை நீக்கும்படி அந்த நிரல் அமைக்கப்பட்டிருந்தால் விளைவு என்னவாகும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆகவே ஒத்திசைவுக்கு இரண்டு விதிகளை வையுங்கள். காணாமல்போன கணக்கு முதலில் முடக்கப்பட வேண்டுமே தவிர நீக்கப்படக் கூடாது. ஒரே ஓட்டத்தில் மொத்தக் கணக்குகளில் நூற்றுக்கு இரண்டுக்கு மேல் குறைந்தால், நிரல் எதையும் மாற்றாமல் நின்று நிர்வாகிக்குத் தகவல் அனுப்ப வேண்டும்.

பல தொகுப்புகள் அஞ்சல் முகவரியையே அஞ்சல்பெட்டியின் அடையாளமாக வைத்துக்கொள்கின்றன. ஆனால் பெயர்கள் மாறுகின்றன, மாணவர் பணியாளராகிறார், பணியாளர் துறை மாறுகிறார். எக்காலத்திலும் மாறாத ஓர் எண்ணையோ பயனர் பெயரையோ அடிப்படை முகவரியாக வைத்து, பெயரைக் கொண்ட முகவரியை அதற்கு மாற்றுப்பெயராகச் சேர்ப்பது பிற்கால இடர்களைத் தவிர்க்கும். ஒருமுறை வழங்கிய முகவரியை வேறொருவருக்குத் திரும்ப வழங்கக் கூடாது. பட்டம் பெற்றுப்போனவரின் வங்கிக் கணக்குக்கோ ஆய்விதழ்க் கணக்குக்கோ வரும் கடவுச்சொல் மீட்பு அஞ்சல், அதே பெயருள்ள புதிய மாணவருக்குப் போய்ச் சேர்வது கடுமையான பாதுகாப்புக் குறை.

கணக்குப் பூட்டும் விதியையும் இங்கேயே பார்த்துவிட வேண்டும். கடவுச்சொல் மாறிய பின்னும் கைபேசி பழைய கடவுச்சொல்லை வைத்துக்கொண்டு, அஞ்சலைப் படிக்கும் நெறிமுறையான ஐமேப்பில் மீண்டும் மீண்டும் முயலும். அதைத் தவறான முயற்சிகளாக எண்ணி டைரக்டரி கணக்கைப் பூட்டிவிடும். பேராசிரியர் வகுப்பறைக் கணினியில் நுழைய முடியாமல் நிற்பார். இணையத்திலிருந்து ஐமேப்பில் கடவுச்சொல்லை ஊகித்துப் பார்க்கும் எவரும் இதே பூட்டலை வேண்டுமென்றே செய்ய முடியும். தொகுப்பின் ஐபி தடுப்பு, டைரக்டரியின் பூட்டல் எண்ணிக்கைக்கு முன்னதாகவே செயல்படும்படி அமையுங்கள். அதே சமயம், மாணவர் விடுதி முழுவதும் ஒரே நேட் முகவரிக்குப் பின்னால் இருந்தால், ஒருவரின் தவறான கடவுச்சொல்லுக்காக விடுதியே தடைபடும். வளாகத்தின் நேட் முகவரிகளுக்குத் தனியாகத் தளர்ந்த வரம்பு வேண்டும்.

சாமல் என்ற நெறிமுறை வழியான ஒற்றை உள்நுழைவு (ஒரே முறை நுழைந்து எல்லாச் சேவைகளையும் திறப்பது) வெப்மெயிலுக்கு மட்டுமே பொருந்தும். ஐமேப்புக்கு அது தெரியாது. தண்டர்பேர்டு, அவுட்லுக் போன்ற செயலிகளுக்கு ஓஆத் (கடவுச்சொல்லைச் செயலியிடம் தராமல் அனுமதி தரும் முறை) இணைப்போ, செயலிக்கென்று தனியாக உருவாக்கும் கடவுச்சொல்லோ தேவைப்படும். செயலிக் கடவுச்சொல் கசிந்தாலும் அதை மட்டும் ரத்து செய்துவிடலாம் என்பதாலும், டைரக்டரி கணக்கு பூட்டப்படாது என்பதாலும், தொகுப்பு அந்த வசதியைத் தந்தால் தயங்காமல் பயன்படுத்துங்கள். டைரக்டரியில் கடவுச்சொல் மாறினாலும் செயலிக் கடவுச்சொல் மாறாமலே இருக்கும் என்பதால், கணக்கு முடக்கப்படும்போது செயலிக் கடவுச்சொற்களும் சேர்ந்து முடங்குகின்றனவா என்பதை ஒரு சோதனைக் கணக்கில் நேரில் பார்த்துவிட வேண்டும்.

படி 5: டிஎன்எஸ் பதிவுகள்

தொகுப்பின் நிர்வாகப் பக்கம் தேவையான பதிவுகளைப் பட்டியலிட்டுத் தரும். அவற்றை அப்படியே நெட்வொர்க் குழுவிடம் தந்துவிடக் கூடாது. டொமைனின் பெயரில் அனுப்ப அனுமதி பெற்ற சர்வர்களைச் சொல்லும் எஸ்பிஎஃப் பதிவு அதில், இந்த ஒரு சர்வர் மட்டுமே அஞ்சல் அனுப்புவதாகக் கருதி எழுதப்பட்டிருக்கும். படி 1-இல் திரட்டிய பட்டியலோடு அதைச் சேர்த்து எழுத வேண்டும். எஸ்பிஎஃப் சரிபார்ப்பின்போது கூடுதல் டிஎன்எஸ் தேடல்கள் 10-ஐத் தாண்டினால் பதிவு முழுவதுமே செல்லாததாகிவிடும் என்பதால், வெளிச் சேவைகளைப் பயன்படுத்தும் துறைகளுக்குத் தனித் துணை டொமைன்களைத் தருவதே நீடித்த தீர்வு.

டிகேஐஎம் சாவியை 2048 பிட் நீளத்தில் உருவாக்குங்கள். டிஎன்எஸ்ஸின் உரைப் பதிவான டிஎக்ஸ்டியில் ஒரு சரத்தின் நீளம் 255 எழுத்துகளுக்குள் அடங்க வேண்டும் என்பதால் இந்தச் சாவியை இரண்டாகப் பிரித்தே பதிவு செய்ய வேண்டியிருக்கும். நகலெடுக்கும்போது இடையில் ஓர் எழுத்து விடுபட்டாலும் கையொப்பம் தோற்கும். அனுப்பும் ஒவ்வோர் அமைப்புக்கும் தனி செலக்டர் (டிகேஐஎம் சாவியின் பெயர்) இருக்கட்டும். வளாகத்துக்கு உள்ளேயும் வெளியேயும் வெவ்வேறு விடை தரும் டிஎன்எஸ் இருந்தால், பதிவுகளை இரண்டு பக்கமும் சேர்க்க வேண்டும். ஐபியிலிருந்து பெயரைச் சொல்லும் தலைகீழ்ப் பதிவும் சர்வர் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளும் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். ஐபிவி6-க்குத் தலைகீழ்ப் பதிவு தர முடியாவிட்டால், வெளியே செல்லும் அஞ்சலை ஐபிவி4-இல் மட்டும் அனுப்பும்படி அமைத்துவிடலாம்.

2024 பிப்ரவரியிலிருந்து, தனிநபர் ஜிமெயில் முகவரிகளுக்கு ஒரு நாளில் சுமார் 5000 அஞ்சல்களோ அதற்கு மேலோ அனுப்பும் டொமைன்களுக்கு எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் மூன்றையும் கூகுள் கட்டாயமாக்கியிருக்கிறது. துணை டொமைன்களும் அந்தக் கணக்கில் சேரும் என்பதால், ஒரே ஒரு சேர்க்கை அறிவிப்பு பல்கலைக்கழகத்தை அந்த வகைக்குள் கொண்டுவந்துவிடும். டிமார்க் கொள்கையை, அறிக்கைகளில் அறியாத அனுப்புநர் யாரும் மிஞ்சவில்லை என்று உறுதியான பின்னரே இறுக்க வேண்டும்.

படி 6: ஏற்கெனவே உள்ள கேட்வே

வெளி அஞ்சல் முதலில் கேட்வேக்கு வந்து, பிறகு புதிய சர்வருக்கு வருமென்றால், சர்வரின் கண்ணுக்கு எல்லா அஞ்சலும் ஒரே ஐபியிலிருந்து வருவதாகவே தெரியும். தொகுப்பு அந்த ஐபியை வைத்து எஸ்பிஎஃப் பார்த்தால் நல்ல அஞ்சலெல்லாம் தோற்கும். அனுப்பும் வேகத்தைக் கட்டுப்படுத்தினால் கேட்வேயே தடைபடும். கேட்வேயை நம்பிக்கைக்குரிய ரிலேயாக வடிகட்டியிடம் அறிவித்து, ஐபி சார்ந்த சோதனைகளைக் கேட்வேயிடமே விட்டுவிடுங்கள். இல்லாத முகவரிகளுக்கு வரும் அஞ்சலையும் கேட்வேயே வாசலில் மறுக்க வேண்டும். அது ஏற்றுக்கொண்டு, பிறகு உள் சர்வர் மறுத்தால், போலி அனுப்புநர்களுக்கெல்லாம் திருப்பி அனுப்பும் அறிவிப்புகள் கிளம்பி, பல்கலைக்கழகமே ஸ்பாம் அனுப்புவதாகக் கருதப்படும்.

கேட்வே இல்லாமல் தொகுப்பே நேராக அஞ்சலை வாங்கினால், அது கேட்கும் டிஎன்எஸ் ரிசால்வரை (டிஎன்எஸ் விடைகளைத் தேடித் தரும் சர்வரை) கவனியுங்கள். ஸ்பாம் அனுப்பும் ஐபிகளைப் பட்டியலிடும் ஸ்பாம்ஹாஸ் தடைப்பட்டியலைப் பொது ரிசால்வர் வழியாகக் கேட்டால், அது 127.255.255.254 என்ற பிழைக் குறியைத் திருப்பித் தருகிறது. எந்த விடை வந்தாலும் ‘பட்டியலில் உள்ளது’ என்று எடுத்துக்கொள்ளும் அமைப்பு, அந்தக் கணத்திலிருந்து உலகில் உள்ள எல்லா அனுப்புநர்களையும் மறுக்கத் தொடங்கும். லாகில் மறுப்புக்கான காரணமாகத் தடைப்பட்டியலின் பெயரே இருப்பதால், குற்றம் அனுப்பியவரிடம் இருப்பதாகவே தோன்றும். தொகுப்போடு வரும் ரிசால்வரைத் தானே நேரடியாகத் தேடும்படி விடுவதும், பிழைக் குறிகளைத் தடைக்கான விடையாகக் கொள்ளாதபடி அமைப்பதும் இதற்கு மருந்து.

படி 7: உள் ரிலேயும் அனுப்பும் வரம்பும்

அச்சு இயந்திரங்களும் பழைய நிரல்களும் கடவுச்சொல் இல்லாமல் அனுப்பப் பழகியவை. அவற்றுக்காக வளாகத்தின் மொத்த ஐபி வரம்பையும் போஸ்ட்ஃபிக்ஸின் நம்பிக்கைப் பட்டியலில் சேர்ப்பது, விடுதியிலிருக்கும் ஒவ்வொரு கணினிக்கும் பல்கலைக்கழகத்தின் பெயரில் அஞ்சல் அனுப்பும் உரிமையைத் தருவதாகும். இவற்றுக்கென்று தனியாக ஒரு சிறிய ரிலேயை நிறுவி, பெயர் குறிப்பிட்ட ஐபிகளை மட்டும் அனுமதித்து, அது கடவுச்சொல்லோடு புதிய சர்வருக்கு அனுப்பும்படி செய்யுங்கள். இணைப்பைக் குறியாக்கும் டிஎல்எஸ்ஸின் பழைய பதிப்புகளையே அறிந்த இயந்திரங்களுக்காக முதன்மைச் சர்வரின் பாதுகாப்பைத் தளர்த்த வேண்டிய தேவையும் இதனால் நீங்கும்.

பயனர் ஒவ்வொருவருக்கும் மணிக்கு இத்தனை என்ற வரம்பு கட்டாயம் வேண்டும். பிஷிங்கில் சிக்கிய ஒரே கணக்கு, வரம்பு இல்லாத சர்வரின் நற்பெயரை ஓர் இரவில் கெடுத்துவிடும்.

படி 8: சான்றிதழ்

இணையதளங்களுக்கு முன்னால் நிற்கும் பல்கலைக்கழகத்தின் ரிவர்ஸ் பிராக்ஸி வெப்மெயிலுக்கு மட்டுமே சான்றிதழ் தரும். 993, 465, 587 போர்ட்களுக்குச் சர்வரிலேயே சான்றிதழ் இருக்க வேண்டும். தொகுப்பின் தானியங்கிப் புதுப்பித்தல் பெரும்பாலும் 80-ஆம் போர்ட்டை நம்பியிருக்கும். அது பிராக்ஸியிடம் இருந்தால், தொகுப்பின் புதுப்பித்தலை அணைத்துவிட்டு, பல்கலைக்கழகத்தின் முறையில் பெற்ற சான்றிதழை நகலெடுக்கும் நிரலை எழுதுங்கள். நகலெடுத்த பிறகு போஸ்ட்ஃபிக்ஸையும் அஞ்சல்பெட்டிகளைத் திறந்து தரும் டவ்காட்டையும் ரீலோடு செய்வது அந்த நிரலிலேயே இருக்க வேண்டும்.

படி 9: முன்னனுப்பலும் அஞ்சல் குழுக்களும்

தம் அஞ்சலைத் தனிப்பட்ட முகவரிக்கு முன்னனுப்பும் (ஃபார்வர்டு செய்யும்) பேராசிரியர்கள் எப்போதும் இருப்பார்கள். முன்னனுப்பிய அஞ்சல் எஸ்பிஎஃப்பில் தோற்கும் என்பதால் அனுப்புநர் முகவரியை மாற்றி எழுதும் எஸ்ஆர்எஸ் முறையை இயக்க வேண்டும். ஸ்பாம் எனக் குறிக்கப்பட்டவற்றை முன்னனுப்பக் கூடாது. குழு அஞ்சல்களுக்குத் தொகுப்பின் மாற்றுப்பெயர் வசதியைப் பயன்படுத்தாமல், மெயில்மேன் 3 போன்ற தனி மென்பொருளைத் தனித் துணை டொமைனில் வைத்திருங்கள். அதிலுள்ள டிமார்க் தணிப்பு அமைப்பையும் இயக்க வேண்டும்.

படி 10: இடமாற்றம்

ஒரே இரவில் எல்லோரையும் மாற்ற முயலாதீர்கள். பழைய சர்வரும் புதிய சர்வரும் ஒரே டொமைனைப் பகிர்ந்துகொண்டு, யாருடைய பெட்டி எங்கே இருக்கிறது என்ற பட்டியலின்படி கேட்வே அஞ்சலைப் பிரித்து அனுப்பும் ஏற்பாட்டில், துறை துறையாக நகரலாம். கணினித் துறையில் தொடங்கி, சேர்க்கை அலுவலகத்தையும் தேர்வுப் பிரிவையும் அவற்றின் வேலை ஓய்ந்திருக்கும் வாரங்களுக்கு ஒதுக்குங்கள்.

பழைய அஞ்சல்களைக் கொண்டுவர ஐமேப்சிங்க் என்ற நிரல் போதுமானது. பயனர்களின் கடவுச்சொல்லைக் கேட்கவே கூடாது. இரு பக்கமும் நிர்வாகிக்கான மாஸ்டர் கணக்கை இடமாற்றக் காலத்துக்கு மட்டும் இயக்கிப் பயன்படுத்துங்கள். முதல் ஓட்டத்தைச் சில நாட்கள் முன்பே முடித்துவிட்டால், மாறும் இரவில் வித்தியாசம் மட்டுமே நகரும். பயனர்களின் செயலிகள் எல்லா அஞ்சலையும் மீண்டும் தரவிறக்கும் என்பதை முன்கூட்டியே அறிவித்துவிடுங்கள். அந்தக் காலை நேர நெரிசலை நெட்வொர்க் குழுவும் அறிந்திருக்க வேண்டும். அஞ்சல் எந்தச் சர்வருக்கு வர வேண்டும் என்று சொல்லும் எம்எக்ஸ் பதிவை மாற்றுவதாக இருந்தால், அதன் டிடிஎல்லை (பதிவை மற்றவர்கள் நினைவில் வைத்திருக்கும் நேரத்தை) முந்தைய நாட்களிலேயே 300 நொடிகளாகக் குறைத்துவிடுங்கள்.

படி 11: பேக்கப், கண்காணிப்பு, பழைய சர்வரின் ஓய்வு

மெய்நிகர் இயந்திரத்தை மொத்தமாகப் படமெடுக்கும் பேக்கப் ஒன்றே போதாது. தரவுத்தளம், அஞ்சல் கோப்புகள், டிகேஐஎம் சாவிகள், அமைப்புக் கோப்புகள் ஆகியவற்றை ஒரே நேரத்துக்கு உரியவையாக எடுக்க வேண்டும். மெயில்கவ் அஞ்சல்களைக் குறியாக்கம் செய்தே வட்டில் எழுதுகிறது. அதற்கான சாவிகள் வேறொரு வால்யூமில் (தனிச் சேமிப்புப் பகுதியில்) இருக்கின்றன. அஞ்சல் வால்யூமை மட்டும் பேக்கப் எடுத்து வைத்திருந்தால், மீட்கும் நாளில் ஒரு வரியைக்கூடப் படிக்க முடியாது. வெளி நெட்வொர்க்கோடு தொடர்பில்லாத ஓர் இயந்திரத்தில் முழுச் சர்வரையும் மீட்டெடுத்து, ஒரு பழைய அஞ்சலைத் திறந்து பார்ப்பதைப் பருவத்துக்கு ஒரு முறையாவது செய்யுங்கள்.

கண்காணிப்பில் அஞ்சல் வரிசையின் நீளம், டைரக்டரி இணைப்பு, சான்றிதழின் காலாவதி, வட்டின் இடமும் ஐநோடுகளும், தடைப்பட்டியல்களில் உங்கள் ஐபி ஆகிய ஐந்தும் இருக்க வேண்டும். போஸ்ட்ஃபிக்ஸ் அனுப்ப முடியாத அஞ்சலை இயல்பாக 5 நாட்கள் வரிசையில் வைத்திருந்த பிறகே கைவிடுகிறது என்பதால், வரிசையைக் கவனிப்பவருக்குப் பிழையைத் திருத்த நேரம் கிடைக்கும். எச்சரிக்கைகளை இதே சர்வரின் அஞ்சல்பெட்டிக்கு மட்டும் அனுப்பும்படி அமைத்துவிடாதீர்கள்.

பழைய சர்வரைப் படிக்க மட்டுமே முடியும் நிலையில் ஒரு பருவம் வைத்திருந்து, அதன் லாகில் எந்த இயந்திரமும் இன்னும் அஞ்சலைக் கொண்டுவரவில்லை என்று உறுதியானதும் நிறுத்துங்கள். அன்றே அதன் ஐபியை எஸ்பிஎஃப் பதிவிலிருந்தும், அதன் செலக்டரை டிஎன்எஸ்ஸிலிருந்தும், அதன் கணக்கை டைரக்டரியிலிருந்தும், அதற்காகத் திறந்த விதியை ஃபயர்வாலிலிருந்தும் நீக்கிவிட வேண்டும்.